தொற்றியதா, உள்ளிருந்து எழுந்ததா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, என்றாவது ஒரு நாள் ஒரு பெரிய மனிதர் சலித்துப்போய் உங்களிடம், "எதுவா இருந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே?" என்று கேட்பார். கேட்டே தீருவார். அப்போது நீங்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். நர்ஸ் படிப்பு படித்தேன், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். நோயாளிக்கு ஊசி போடவும் காயம் கட்டவும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எந்த வழியில் போகிறது, அதை எந்த வாசலில் நின்று மறிப்பது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு இன்று அதற்கென்று தனி மேசை இருக்கிறது, சட்டையில் குத்திக்கொள்ள அட்டை இருக்கிறது. தொண்ணூறுகளில் அது ஒரு வேலையாகவே இல்லை. வார்டு பொறுப்போடு சேர்த்து, "சிஸ்டர், அதையும் சித்தெ பாத்துக்குங்க" என்று என் தலையில் கட்டினார்கள். டாக்டர்கள் கழித்துப் போட்ட தடிப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். புத்தகத்தில் பிடிபடாததை நோயாளிகளின் வாயிலிருந்து பிடித்தேன். மனிதர்கள் பேசுகிற பேச்சுக்கு ஈடு கிடையாது, பிள்ளைகளே. வலியில் இருப்பவன் வீண் வார்த்தை பேசமாட்டான்.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் என்ன உறவு என்று புத்தகம் பக்கம் பக்கமாக இழுத்தது. அந்தியூரிலிருந்து வந்திருந்த ஒரு மாட்டு வியாபாரி, இடுப்பில் அக்கி கண்டு ஒரு பக்கமாகவே படுத்துத் துடித்துக்கொண்டிருந்தவர், அதை ஒரே மூச்சில் முடித்தார்.

"அம்மை ஒரம்பரைங்க சிஸ்டர். அக்கி பங்காளிங்க."

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. வெளியிலிருந்து வருவார், சில நாள் இருப்பார், வேப்பிலையும் தண்ணீரும் கொடுத்து அனுப்பி வைப்போம். பங்காளி எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே சுருண்டு படுத்திருப்பான். நாம் தளர்ந்த நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்து வம்பு பண்ணுவான். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. ஆனால் புத்தகம் சொன்னதும் அதையேதான். அம்மை ஆறினாலும் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் போய்த் தூங்குகிறது. முதுமை, பெரிய நோய், வீரியமான மருந்து, இப்படி ஏதாவது ஒன்று உடம்பின் காவலைத் தளர்த்தினால், அந்த ஒரு நரம்பு போகிற வழியிலேயே வெளியே வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கிளம்பும், உடம்பின் நடுக்கோட்டில் கத்தரித்தது போல நின்றுவிடும். அதை யாரும் யாருக்கும் கொண்டு வந்து கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஒரு தடவை அம்மை போட்டு ஆறியவருக்கு மறுபடி கொப்புளம் கண்டால் நம் முன்னால் இருக்கிற கேள்வி ஒன்றுதான். புதிதாகத் தொற்றியதா, பழையது எழுந்ததா? பெரும்பாலும் சட்டையை நீக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரியாமல் போன ஒரு தடவையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது என் பொறுப்பில் இருந்தது ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டு. நோயைக் கொல்ல நாங்கள் கொடுக்கும் மருந்து பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே தின்றுவிடும். மற்ற வீட்டில் அம்மை என்றால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று கும்பிடுவார்கள். எங்கள் வார்டில் அந்தச் சொல் பஞ்சு குடோனில் விழுந்த தீப்பொறி.

சென்னிமலையிலிருந்து கவிதா என்று ஒரு பெண் குழந்தை வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு. பெற்றோர் போர்வை நெய்கிறவர்கள். நோய் அடங்கிவிட்டது, மிச்சமிருந்த மருந்துச் சுற்றுகளுக்காக அவ்வப்போது வந்து படுக்கும். பால்வாடிக்குப் போகிற வயதிலேயே அம்மை போட்டு ஆறிய பிள்ளை. அம்மா சரசா கூடவே இருப்பாள். அவள் அதிகம் பேசமாட்டாள், அவளுக்கும் சேர்த்து மகள் பேசிவிடுவாள்.

அந்தப் பிள்ளைக்கு வார்டிலேயே ரொம்பப் பிடித்த ஆள் எங்கள் ஆயா மெகருன்னிசா. கோட்டைமேட்டுக்காரி. அவள் சிரித்தால் மாடியில் சிரிப்பது கீழே மருந்துக் கடைக்குக் கேட்கும். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "ஏ கவிதா, முடி மொளைச்சா மொத எண்ணெ நாந்தான் வெப்பேன். உங்கம்மாகிட்டச் சொல்லி வை" என்பாள். "எங்கூட்டு எண்ணெயா, உங்கூட்டு எண்ணெயா?" என்று பிள்ளை கேட்கும். "உங்கூட்டு எண்ணெதான். எங்கூட்டுல வாங்குனா கட்டுபடியாகாது, உன்ற மண்டை பெருசு."

முந்தின மருந்துச் சுற்று முடிந்து ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை சரசா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று வார்டில் கூட்டம். பயிற்சி டாக்டர் கவுனுக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து உள்ளே சேர்த்துவிட்டார். மறுநாள் காலையில் பிள்ளையின் முகம், கை, கால், முதுகு எல்லாம் நீர்க் கொப்புளம்.

நான் முதலில் செய்தது, பிள்ளையையும் தாயையும் கோடியில் இருந்த தனி அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தியது. தொற்றினதோ எழுந்ததோ, உடம்பெல்லாம் பரவிவிட்டால் அதிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு அம்மை வரலாம். முதலில் பிரித்து வையுங்கள், ஆராய்ச்சி அப்புறம். பெரிய டாக்டர் வந்து மருந்தைத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். அதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாதது மத்தியானத்துக்கு மேல் தொடங்கியது. யார் கொண்டு வந்தது?

மெகருவின் தங்கை மகனுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் அம்மை போட்டிருந்தது. அவளே அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னாள். "உனக்குச் சின்ன வயசுல போட்டிருக்குதா?" என்று கேட்டேன். நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி, "இது என்ன பொட்டா சிஸ்டர்?" என்று சிரித்தாள். ஏற்கெனவே போட்டு ஆறியவள், பயமில்லை, வேலைக்கு வா என்றேன். இப்போது பயிற்சி டாக்டர் கேஸ் தாளில் சின்னம்மை என்று எழுதிவிட்டார். கால இடைவெளியும் ஒட்டி வந்தது. தங்கை மகனுக்குப் போட்டது, ஆயா தூக்கி வந்தது, பிள்ளைக்குத் தொற்றியது என்று யாரோ கோடு இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாப் பெற்றோரும் அந்தக் கோட்டின் மேலே நடந்து போய் மேலாளர் அறை வாசலில் நின்றார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் எங்கள் நகரத்தில் ஆளின் பேரைக் கேட்டதும் முகம் மாறுகிற ஒரு வியாதி இருந்தது. அதற்கு ஊசி கிடையாது. கூட்டத்தில் ஒருவர், "அந்த ஏரியாவுல இருந்து ஆள் எடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். நான் திரும்பி, "என்ன ஏரியாங்க? கிருமிக்கு பஸ் ரூட் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டார். ஆனால் சொல் விழுந்தது விழுந்ததுதான்.

மேலாளர் வராண்டாவுக்கு வந்தார். ஒரு மில்லில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவருக்கு உதறும். எல்லோர் முன்னாலும் மெகருவைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீ வர வேண்டாம்மா" என்றார்.

"சொல்லிட்டுத்தான சார் வந்தேன்? மறைச்சு வரலையே" என்றாள் மெகரு.

"அதெல்லாம் பேசாத. கெளம்பு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள். அவள் போனபோது சத்தம் வராதது அதுதான் முதல் தடவை.

உடனே மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நோய் ஆயா மூலமாக வந்தது என்று வார்டு பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெற்றோர் அடங்கிவிடுவார்கள் என்றார்.

"அப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலீங்க சார்."

"வேற எப்படி வரும்?"

"வராமலே இருந்திருக்கலாமுங்க. பிள்ளைக்குள்ளயே இருந்திருக்கலாம். தவிர, ஆறுன ஆளு துணியில அம்மையைத் தூக்கிட்டு வர்றது நடக்காத காரியம்."

"சிஸ்டர், வெளிய அத்தனை பேர் நிக்கறாங்க. யாராவது ஒருத்தரைக் கை காட்டாம அவங்க போக மாட்டாங்க."

"அப்ப என்னைக் காட்டுங்க. அவளை வேலைக்கு வரச் சொன்னது நான்தானுங்களே."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். மேசை வழவழப்பாக இருந்ததால் தாள் இரண்டு பக்கமும் நன்றாகவே போய் வந்தது. கடைசியில் அவர் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, "யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. நான் பெரிய டாக்டரிடம் போனேன்.

பெரிய டாக்டர் நல்லவர், கைராசிக்காரர். களைத்துப் போயிருந்தார்.

"இந்த மருந்து எடுக்கற பிள்ளைக்கு ரெண்டாந்தடவையும் அம்மை தொத்தலாம் சிஸ்டர். அதுக்கும் இடமிருக்கு."

"அக்கி கெளம்பி, தடுக்க ஆளில்லாம உடம்பெல்லாம் சிதறுனாலும் இப்படித்தானே சார் இருக்கும்?"

"அதுக்கும் இடமிருக்கு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற பரிசோதனை நம்ம ஊர்ல கிடையாது. எதுவா இருந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே?"

"பிள்ளைக்கு மருந்து ஒண்ணுதான் சார். மெகருவுக்கு அப்படி இல்லீங்களே. ரெண்டுக்கும் இடமிருக்கறப்ப ஒருத்தி தலையில மட்டும் எப்படி எழுதறது?"

அவர் பேனாவை மூடினார். "ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. நான் கேக்கறேன்" என்றார். அது போதும் என்று பட்டது.

கோடி அறையில் வேறு ஒரு சிக்கல் முளைத்திருந்தது. அம்மை போடாத ஆயாக்களை நானே அந்தப் பக்கம் விடவில்லை. போட்டிருந்தவர்கள், மெகருவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, "நாளைக்கு எங்களையும் சொல்லுவாங்க" என்று கதவைத் தாண்டவில்லை. எனக்கும் சின்ன வயதில் போட்டிருந்தது. அதனால் பிள்ளையைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் நானும் சரசாவும்தான்.

மறுநாள் காலையில் பிள்ளையை வலப்பக்கமாகச் சாய்த்து முதுகைத் துடைத்தேன். மற்ற இடத்துக் கொப்புளங்கள் எல்லாம் பனித்துளி போலப் புதிதாக நின்றன. இடது விலாவில் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதுவும் அம்மையில் நடக்கும், சிலது காயும் சிலது கிளம்பும். ஆனால் அந்தப் பொருக்கில் ஒரு சிவப்பு. ரத்தம் என்று எல்லோரும் விட்டிருந்தோம். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். காய்ந்த ரத்தம் பழுப்பாக வரும். இது செங்கல் நிறத்தில் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று மண்.

உங்களில் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் மண்பாண்டம் செய்கிற குயவரிடம் போவார்கள். அவர் காவிக்கல்லைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலேயே பூசி, சுற்றிலும் சிங்கம், யாளி என்று படம் எழுதுவார். அதற்கு அக்கி எழுதுதல் என்று பேர். அம்மைக்கு ஒருவரும் காவி எழுத மாட்டார்கள். அம்மை அம்மனுடையது, அதற்கு வேப்பிலைதான்.

பஞ்சைச் சரசாவிடம் காட்டினேன். "இது என்ன அம்மணி?"

அவள் பஞ்சைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "தெரியலீங்க சிஸ்டர்."

"எங்க பக்கமும் கொசவர் இருக்காங்க. எனக்கும் சின்னதுல கன்னத்துல எழுதியிருக்காங்க. உங்கூர்ல சிங்கம் போடுவாங்களா?"

அவள் பஞ்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "போட்டாருங்க. சிங்கத்துக்கு வாலு இழுக்கறப்ப இவ கூச்சத்துல சிரிச்சுபோட்டா."

"சிங்கம் இல்ல, நாயி" என்றது கவிதா கட்டிலிலிருந்து. "அவருக்குச் சிங்கமே வராது."

அப்புறம் எல்லாம் வந்தது. ஊருக்குப் போன அன்றே பிள்ளை இடது பக்கம் காந்துகிறது என்று அழுதிருக்கிறது. பார்த்தால் முதுகுத்தண்டிலிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். மற்றப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"அக்கி சுத்தி வந்து ரெண்டு தலையும் முட்டிக்கிச்சுன்னா உசுரு நிக்காதும்பாங்க. பயந்துபோட்டு எழுதக் கூட்டிட்டுப் போனேனுங்க. கெளம்பறதுக்கு மின்னாடி தொடைச்சுத்தான் கூட்டியாந்தேன்."

"இங்க வந்து ஏன் சொல்லல?"

அவள் கதவுக்கு வெளியே சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பலகை. நாட்டு மருந்து, கயிறு, மந்திரம், பூச்சு எதைச் செய்தாலும் நோயாளி உடனே வெளியேற்றப்படுவார். எப்போதோ ஒரு குழந்தைக்கு யாரோ பச்சிலைச் சாறு புகட்டி விபரீதமானதும் மாட்டியது. நாங்கள் தினமும் அதன் கீழேதான் நடந்தோம். அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் தினமும் படித்திருக்கிறார்கள்.

"வெளிய அனுப்புனா நான் எங்கீங்க போவேன்?" என்றாள் சரசா. பிறகு, நான் கேட்காமலே, "அந்தக்காவைப் போகச் சொன்னப்ப நான் இந்தக் கதவுக்குள்ளதானுங்க நின்னிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக்கா இருந்திருக்கும். என்ற புள்ள இருந்திருக்காதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்" என்பார்கள். அந்தப் பலகையை மாட்டி வைத்துக்கொண்டு, பெற்றவளிடம் வந்து உண்மை பேசு என்று கேட்க எந்த முகம் நமக்கு இருக்கிறது?

நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு சேதி இருக்குது. அதுக்கு மின்னால அந்தப் பலகையைக் கழட்டோணும்."

"எந்தப் பலகை?"

"நாட்டு மருந்துப் பலகைங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சிஸ்டர்?"

"அது தொங்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மிரட்டறீங்களா?"

"ஆமாங்க சார்."

 அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து என் கூடவே வந்தார். திருப்புளி தேட ஆளை அனுப்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தானே திருகுகளைக் கழற்றிப் பலகையை இறக்கிச் சுவரோரம் திருப்பி வைத்தார். வராண்டாவில் இருந்த பெற்றோர் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க."

"நான் இல்லீங்க. அவங்க சொல்லுவாங்க."

சரசா முழுவதும் சொன்னாள். அவர் பிள்ளையின் முதுகில் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். முதுகுத்தண்டிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போய் நெஞ்சு நடுவில் நிறுத்தினார். "ஒரே நரம்பு" என்றார் தனக்குத்தானே. "முதல்ல இங்க. அப்புறந்தான் மேலெல்லாம் சிதறியிருக்கு." பிறகு சரசாவிடம், "புண்ணுல மண்ணுப் பூசினது தப்பும்மா, சீழ் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆனா இப்பச் சொன்னீங்க பாருங்க, அது பெரிய உதவி" என்றார். பயிற்சி டாக்டர் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே அடித்து, பழைய கிருமி மீண்டும் எழுந்தது, வெளியிலிருந்து தொற்றியதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு நியாயம் வென்றுவிட்டது என்று நினைத்தீர்களானால் நீங்கள் இன்னும் நிர்வாகத்தைப் பார்க்கவில்லை. மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நல்லதாப் போச்சு. அந்தம்மாவை அடுத்த மாசம் சத்தமில்லாம வரச் சொல்லிருங்க" என்றார்.

அன்று சாயங்காலமே மெகரு வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எப்படி இருக்கு?"

தேறுகிறது என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், சரசா வாயடைத்து நின்றதையும் சேர்த்து. கேட்டு முடித்ததும் அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் கொண்டுட்டுப் போகலையா? எனக்கே சந்தேகம் வந்துருச்சு சிஸ்டர். இந்தக் கையாலதான பாப்பாவத் தொட்டேன்னு சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பாத்துட்டிருந்தேன்."

பிள்ளைகளே, தவறான ஒரு வரியைக் கேஸ் தாளில் எழுதினால் அது எங்கே போய் உட்காருகிறது என்பதை அன்றைக்கு அந்தக் கைகளில் பார்த்தேன்.

அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்றேன். அவள் பூண்டைக் கீழே வைத்தாள்.

"என்னையப் போகச் சொன்னது எங்க வெச்சு?"

"வராண்டாவுல."

"யாரு யாரு நின்னாங்க?"

"எல்லாரும்தான்."

"அப்ப வரச் சொல்றதையும் அங்கயே வெச்சுச் சொல்லட்டும். நடுச்சந்தையில அடிச்சுப்போட்டு முட்டுச்சந்துல வந்து கும்பிடறது என்ன கும்பிடுங்க சிஸ்டர்?"

அந்த ஒரு வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினேன். மறுநாள் மேலாளரிடம் அப்படியே அவிழ்த்து வைத்தேன். அவர் முகம் சிவந்தது.

"நானே போய் எல்லாரு முன்னாலயும் தப்புன்னு சொல்றதா? நிர்வாகத்தோட மரியாதை என்ன ஆகறது?"

"சார், உங்களுக்கு அம்மை போட்டிருக்குதுங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப நீங்க அந்தக் கோடி அறையை எட்டியும் பார்க்க முடியாதுங்க. இந்தக் கட்டடத்துல என்னைத் தவிர அந்த அறைக்குள்ள பயமில்லாமப் போயிட்டு வர்ற கை அவளோடதுங்க. அதைத்தான் நாம வெளிய அனுப்பியிருக்கோம். அவ வரலீன்னா நானும் வரலீங்க. நீங்க புது ஆளாப் பாத்துக்குங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமலே, "எனக்கும் சேர்த்துப் பாத்துருங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க ஒரு டாக்டர் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் முதல் நாள் இல்லை. ஆதாரம் கொண்டு வா என்றார், கொண்டு போனேன், நின்றார். இன்று உங்களிடம் நல்ல பரிசோதனைகள் இருக்கின்றன. எந்தக் கிருமி, எந்த வகை என்று இயந்திரம் பிரித்துச் சொல்லும். சொல்லட்டும். ஆனால் இயந்திரத்தின் பதில் வந்து சேர்வதற்குள் ஊர் ஒரு பதிலைத் தயார் பண்ணிவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த இடைவெளியில், தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைக்கிற கை உங்களுடையதாக இருக்க வேண்டும். தொற்றியது என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் கொடுத்தவர் என்று ஒருவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறீர்கள். சும்மா எழுதிவிடாதீர்கள். முதலில் பிள்ளையின் சட்டையை நீக்கிப் பாருங்கள். பிறகு, வீட்டில் என்ன செய்தீர்கள் என்று தாயிடம் கேளுங்கள், அவள் பயமில்லாமல் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள்.

மேலாளர் சொன்னார். பார்வையாளர் நேரத்தில், அதே வராண்டாவில், அதே ஆட்கள் நிற்க, மெகருவை வரவழைத்து முன்னால் நிறுத்திக்கொண்டு. 

"கவிதாவுக்கு வந்தது யாரும் கொடுத்ததில்ல. ரொம்ப நாளா அந்தப் பாப்பா உடம்புக்குள்ளயே இருந்தது. மெகருன்னிசா மேல எந்தத் தப்பும் இல்ல. நாங்க சொன்னதுதான் தப்பு."

கூட்டத்தில் ஏரியா பேசிய மனிதர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அது சரிங்க, இருந்தாலும் எதுக்கும்…" என்று இழுத்தார்.

மெகரு திரும்பினாள். "எதுக்கும்னா எதுக்குங்க?"

 அவள் ஒரு மூச்சு நேரம் காத்திருந்து பார்த்தாள், பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோடி அறையை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"மெகருக்கா! எங்க போயிருந்தே?" என்று கத்தியது கவிதா.

"மாமியா ஊட்டுக்கு."

"பொய்யி!"

"ஆமா, பொய்யிதான். நகரு, படுக்கையெல்லாம் ஒரே பொருக்கு."

கட்டிலின் மறுபக்கம் சரசா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் சேர்த்தாள். "அக்கா, அன்னிக்கு நான்…" 

மெகரு அவளைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் பிறகு எப்போதும் அதைப் பேசவில்லை. பழைய விரிப்பின் ஒரு முனையை உருவி சரசாவின் பக்கமாக நீட்டினாள்.

"இந்தாங்க அம்மணி, அந்தப் பக்கம் புடிங்க. உதறாதீங்க, பொருக்கு பறக்கும். மெதுவா, உள்பக்கமா மடிச்சு எடுக்கோணும்."